குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு: தீனியும் கொட்டிலும் சரியாக அமைப்பது எப்படி

வாங்கி ஐந்தாவது வாரம், இரவு 2 மணிக்கு எங்கள் பெட்டைக் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும் சத்தம் கேட்டு எழுந்தோம். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு லத்திகூடப் போடவில்லை. டாக்டர் வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, விடியும்போது அது முதல் லத்தி போடும் வரைக்கும் வீட்டில் யாரும் உட்காரவில்லை.

வயிற்றுவலி எல்லாம் அடங்கிய பிறகு டாக்டர் கேட்டார்: "கடைசியா எத்தனை மணிக்குத் தீனி வெச்சீங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்குங்க."

"அடுத்தது?"

"காலையில ஆறு மணிக்கு."

"பன்னிரண்டு மணி நேரம். மாடா இருந்தா படுத்து அசைபோட்டுக்கும். இதுக்கு அசைபோட உள்ள ஒண்ணும் இல்லீங்களே."

குதிரையை விற்றவர் சொன்னது, "மாட்டுக்குப் போடறதையே ரெண்டு வேளை போடுங்க தம்பி, அது பாட்டுக்குத் தின்னுக்கும்." நாங்கள் தலைமுறையாக மாடு வைத்திருக்கிற குடும்பம். அந்த வார்த்தையை நம்பியதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் தோட்டத்தில் ஒன்றிரண்டு குதிரை வைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த ராத்திரி உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் தீவனம், அப்புறம் குதிரை

குதிரை வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதல் வேலை குதிரைமசால் விதைப்பது. பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனப் பயிர் இது. விதைத்து முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள் ஆகும். பிறகு 25, 30 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். ஆடியிலிருந்து மார்கழிக்குள் விதைப்பது நல்லது. தண்ணீர் தேங்காத நிலமாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 20 கிலோ விதை என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்தக் கணக்கில் 10 சென்ட்டுக்கு 800 கிராம் வரும். ஒரு குதிரைக்கு 10 சென்ட் போதும். களை, மழை, பூச்சி எல்லாவற்றுக்கும் இடம் விட்டு நான் 15 சென்ட் போட்டேன்.

அதோடு இரண்டு மாதத்துக்கான காய்ந்த புல்லை வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குதிரை வந்த பிறகு புல் தேடி அலைந்தால் கிடைத்ததைப் போட வேண்டி வரும். திடீரென்று தீனி மாறுவதை இந்தப் பிராணியின் குடல் தாங்காது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில் பிடித்தாலும் சரி, ராஜஸ்தான், குஜராத்திலிருந்து லாரியில் வரும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரையை வாங்கினாலும் சரி, இவை இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு. கிளாண்டர்ஸ் என்ற நோய்க்கும், குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் பார்த்திருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், உயிரை எடுக்கும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள். நாட்டில் இந்த நோய்களுக்கான முதன்மை ஆய்வுக்கூடம் ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம். உங்கள் ஊர் அரசுக் கால்நடை மருத்துவர் வழியாக ரத்த மாதிரி அனுப்பலாம். எனக்கு முடிவு வர மூன்று வாரம் பிடித்தது. முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

பயணச் சான்று. 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியாக உள்ளது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.

விற்பனை ரசீது. நிறம், வயது, நெற்றி வெள்ளை, சுழிகள் எல்லாம் எழுதி, இரண்டு பக்கமும் எடுத்த படம் ஒட்டி வாங்குங்கள். சுழி சாகும் வரை மாறாது. அடையாளத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நம் ஊரில் சுழியைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். நீங்கள் அந்த நேரத்தில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள்.

வந்த குதிரையை மூன்று வாரம் மற்ற குதிரைகளோடு மூக்கோடு மூக்கு உரசவிடாமல் தனியாக வையுங்கள். டெட்டனஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசிகள் எப்போது போட்டது என்று கேளுங்கள். போட்டதற்கு எழுத்து இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள்.

3. எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எடை மேடை வேண்டாம். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து புட்டத்தின் எலும்பு முனை வரை நீளம் ஒரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். எங்கள் குதிரைக்குச் சுற்றளவு 155, நீளம் 150. கணக்கு 303 கிலோ.

ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம், ஈரம் நீக்கிய கணக்கில், புல் போக வேண்டும். 1.5 சதவீதத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது. 300 கிலோ குதிரைக்கு 6 கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்கும் தண்ணீர்தான். அதனால் "ஒரு கட்டு பச்சை போட்டோம்" என்பதை நம்ப வேண்டாம், தராசில் வையுங்கள். நான் போடுவது: காய்ந்த புல் 5 கிலோ, பச்சைக் குதிரைமசால் 8 கிலோ.

விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. மாதம் ஒரு முறை டேப் பிடித்து நோட்டில் எழுதி வையுங்கள்.

4. கிலோவை விட மணி நேரம் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மேயவிட்ட குதிரை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் மேயும், இரவிலும் மேயும். அதன் இரைப்பை உடலைப் பார்த்தால் மிகச் சிறியது; 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அந்தச் சிறிய பையில் அமிலம் இரவும் பகலும் நிற்காமல் சுரக்கும், உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமிலத்தைத் தணிப்பது எச்சில். எச்சிலோ, மென்றால் மட்டும்தான் ஊறும். மெல்லாத நேரமெல்லாம் அமிலம் வயிற்றுச் சுவரை அரிக்கிற நேரம். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பின்குடலில் இருக்கின்றன. அவற்றுக்கும் விடாமல் நார் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே வாயில் புல் இல்லாத இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கட்டையைக் கடித்துக்கொண்டு காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே வலமும் இடமும் ஆடுவது, இவற்றைக் "கெட்ட பழக்கம்" என்று சொல்லிக் கழுத்தில் வார் கட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மேய வழியில்லாமல் அடைபட்ட வாயும் காலும் படும் பாடு.

என் கால அட்டவணை இப்படி. காலை 5.30-க்குக் காய்ந்த புல் 1 கிலோ. 8 மணியிலிருந்து 12 வரை வெளியே அவிழ்த்துவிடுவது. 12 மணிக்குக் குதிரைமசால் 4 கிலோ. 3 மணிக்குக் காய்ந்த புல் 1 கிலோ. 6 மணிக்குக் குதிரைமசால் 4 கிலோ. இரவு 9.30-க்குக் காய்ந்த புல் 3 கிலோ. இரவுப் பங்குதான் பெரியது என்பதைக் கவனியுங்கள்.

அந்த 3 கிலோவை அப்படியே போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதற்கு நாங்கள் செய்தது: நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி, வெட்டிய விளிம்பில் பழைய ஹோஸ் பைப்பைப் பிளந்து மாட்டினோம். புல்லை அதில் போட்டு, 4 சென்டிமீட்டர் கண் உள்ள நைலான் வலையை மேலே இழுத்துக் கட்டினோம். உதட்டால் துழாவி, ஒவ்வொரு கண்ணாகப் பிடித்து இழுத்துத்தான் தின்ன முடியும். முதல் இரவு கோபத்தில் டிரம்மை உருட்டிவிட்டது. மறுநாள் தூணோடு சேர்த்துக் கட்டினோம். இப்போது இரவு 2 மணிக்கு எழுந்தாலும் நறுக் நறுக்கென்று மெல்லும் சத்தம் கேட்கும். லாடம் அடித்த குதிரைக்கு இந்த வலை ஆபத்து, லாடத்தின் முனை வலைக் கண்ணில் மாட்டும். லாடம் அடித்திருக்கிறவர்கள் வலைப்பையை நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். மற்றபடி தீனி தரை மட்டத்தில் இருப்பதே நல்லது. தலை குனிந்து தின்றால்தான் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் தூசு வடியும்.

5. எந்தப் புல்? நம் பக்கத்துப் பெரிய பொறி இதுதான்

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் கொழுக்கட்டைப் புல் வளர்ந்து நிற்கும். காங்கேயம் மாட்டுக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் கிடையாது. அதே புல்லை மட்டும் மாதக்கணக்கில் தின்றால் குதிரையின் எலும்பு கரையும். அதில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை, சிறுகுடலைத் தாண்டும்போதே கால்சியம் கைநழுவிவிடும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லிலும் இதே தொல்லை.

அறிகுறி மெதுவாக வரும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று நொண்டும். மெல்லச் சிரமப்படும். கடைசியில் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். முகம் வீங்கிய பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புவது கடினம்.

இதோடு கோதுமைத் தவிட்டையும் அள்ளிப் போட்டால் கேடு இரட்டிப்பு. தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பல மடங்கு. குதிரைக்கு வேண்டியது நேர் எதிர்: மொத்தத் தீனியில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கால்சியம். தினமும் தவிட்டுக் கஞ்சி வைத்துக் குதிரையைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிற வீடுகளை எனக்குத் தெரியும். பிரியத்தில் செய்கிறார்கள், பாவம். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

செய்ய வேண்டியது: அடிப்படைப் புல்லாக அருகம்புல் அல்லது காய்ந்த ரோட்ஸ் புல். கால்சியம் நிறைந்த குதிரைமசால் தினமும். கொழுக்கட்டைப் புல்லைத் தவிர்க்க முடியாதவர்கள் கால்சியம் கலவை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். கூடவே கூடாது, வாயும் வயிறும் வெந்துபோகும்.

மற்றவை சுருக்கமாக. நெல் வைக்கோலில் சத்து குறைவு, குடலில் அடைத்துக்கொள்ளும். முழுத் தீனியாக வேண்டாம். பச்சைச் சோளத்தட்டு வேண்டாம்; இளம் பயிரில் விஷம், தொடர்ந்து தின்றால் சிறுநீர்ப்பையும் பின்னங்காலும் கெடும். கடலைக்கொடியில் பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். ஒரு பிடி எடுத்து உதறுங்கள், புகைபோலத் தூசு பறந்தால் அது மாட்டுக்கும் ஆகாது. வேலியோர அரளியையும் ஆமணக்கையும் வேரோடு பிடுங்குங்கள். அரளி இலை கொஞ்சம் போதும், இதயம் நின்றுவிடும்.

இன்னொன்றை எவ்வளவு அழுத்தி எழுதினாலும் தகும். கோழித்தீவனத்தைக் குதிரை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையும் குதிரையும் ஒரே தோட்டத்தில் இருப்பது சகஜம். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கலக்கும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே குதிரையைக் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. மாட்டுத்தீவன மூட்டையிலும் மொனென்சின் இருக்கலாம். பக்கத்தில் வைக்கும் முன் மூட்டை மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

6. கொள்ளும் மற்ற தானியமும்

வேலை செய்யாத குதிரைக்குத் தானியமே தேவையில்லை. நல்ல புல்லும் உப்பும் தாது உப்புக் கலவையும் போதும். சவாரி செய்கிற நாட்களில் கொள்ளோ, ஓட்ஸோ, பார்லியோ கொடுக்கலாம். கொள்ளை ஊறவைத்து வேகவைத்துத்தான் போட வேண்டும், பச்சையாக இருந்தால் புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருள் அதில் உண்டு. 300 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். மேலே போனால் மாவுச்சத்து செரிக்காமல் பின்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். வயிற்றுவலி ஒரு பக்கம், குளம்புக்குள் அழற்சி இன்னொரு பக்கம். குளம்பு அழற்சி வந்த குதிரை ஆயுளுக்கும் நொண்டலாம்.

எந்தத் தீனியை மாற்றினாலும் 10 முதல் 14 நாள் எடுத்து, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போங்கள். புதுப் புல் வந்த சந்தோஷத்தில் ஒரே நாளில் மாற்றியதும் எங்கள் குதிரைக்கு வந்த வலிக்கு ஒரு காரணம்.

7. தண்ணீரும் உப்பும்

ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், சித்திரை வெயிலில் அதற்கும் மேல். தொட்டி நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கொதித்த தண்ணீரைக் குடிக்காது, குடிக்காவிட்டால் குடலில் தீனி இறுகிவிடும். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். சாதாரணக் கல்லுப்பு தினம் 30 கிராம் தீனியில் கலக்குகிறேன், வியர்த்த நாளில் இரட்டிப்பு. சூடாக வந்த குதிரை மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்வார்கள். ஊற்றலாம், ஊற்ற வேண்டும்.

8. கொட்டில்: கட்டாமல் வைப்பதற்கு ஒரு இடம்

நம் ஊர்களில் முளையடித்துக் கழுத்துக் கயிறு, முன்னங்கால் கயிறு, சில இடங்களில் பின்னங்கால் கயிறும் போட்டுக் குதிரையை நிறுத்திவைக்கிறார்கள். நடந்தால்தான் குதிரையின் குடல் நகரும், குளம்புக்குள் ரத்தம் ஓடும். நின்றபடியே தூங்கும் என்பது பாதிதான் உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது தினமும் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். கால் கட்டிய குதிரை பயத்தில் படுக்காது.

நான் கட்டியது 24 அடிக்கு 14 அடி, நீளவாக்கு கிழக்கு மேற்காக. மூன்று பக்கமும் திறந்தது, தென்மேற்கில் மட்டும் சாரலுக்குத் தடுப்பு. தாழ்வாரமே 10 அடி உயரம். மேலே தென்னங்கீற்று. தகரம் போட்டால் மதியம் உள்ளே நிற்க முடியாது. குதிரைக்குக் குளிரைவிட வெயில்தான் எதிரி. கீற்றுக்கூரைக்கு மின்வயர் நெருங்காமல் பாருங்கள். அடைத்த கொட்டிலில் சிறுநீர் நெடி நுரையீரலைக் கெடுக்கும். நீங்கள் குனிந்து மூச்சு இழுக்கும்போது கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

தரை மண்ணாக இருக்கலாம், ஆனால் தீனியை மண்ணில் கொட்டாதீர்கள். மணல் குடலில் படிந்து வலி கொடுக்கும். ஆறு லத்தி உருண்டையை ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொட்டிலிலிருந்து தானாகவே வெளியே போய்வர ஒரு வெளி வேண்டும். எங்களிடம் 40 சென்ட். முள்கம்பி வேலி வேண்டாம், மிரண்டு ஓடினால் கிழித்துக்கொள்ளும். கிளுவை வேலி நல்லது, அடர்த்தியாக இரண்டு வருடம் ஆகும்; அதுவரை மூங்கில் குறுக்குக் கட்டை போட்டேன்.

ஒற்றைக் குதிரையாக வைக்காதீர்கள். கூட்டத்தில் ஒன்று காவல் நிற்க மற்றது படுக்கும் பிராணி அது. இன்னொரு குதிரைக்கு வழியில்லாவிட்டால் ஒரு கழுதையோ ஆடோ கூட உதவும். நாங்கள் வயதான மட்டக்குதிரை ஒன்றைச் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை எங்கள் குதிரை முழுநீளத்துக்குக் கால் நீட்டிப் படுத்துக் கிடந்தது. பதறி ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அது அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

9. மாதச் செலவு

என் கணக்கு, ஒரு குதிரைக்கு: காய்ந்த புல் 150 கிலோ, 1,800 ரூபாய். குதிரைமசால் 240 கிலோ, வெளியே வாங்கினால் 2,400 ரூபாய். தானியம் 20 கிலோ, 1,400 ரூபாய். உப்பும் தாது உப்பும் 400 ரூபாய். ஆக 6,000. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு செதுக்க 800 ரூபாய் தனி. வருடம் ஒரு முறை பல் பார்ப்பதும், லத்திப் பரிசோதனைக்குப் பிறகு குடற்புழு மருந்தும் உண்டு. கொட்டிலுக்கு எனக்கு 65,000 ஆனது. இவற்றுக்கு மேல், அவசரத்துக்கென்று 20,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள்.

10. வயிற்றுவலி வந்தால்

ஆரோக்கியமான குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 முறை லத்தி போடும். தினமும் காலையில் எண்ணுங்கள். ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்து இப்போதே எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தரையைப் பறிப்பது, விலாவைப் பார்ப்பது, புரள்வது, தீனியை ஒதுக்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் தீனியை எடுத்துவிட்டு டாக்டரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962. மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயோ சோடாவோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கினால் வயிறு பிழைத்தும் குதிரை பிழைக்காது. விழுந்து புரண்டால் மெதுவாக நடத்துங்கள், அமைதியாக நின்றால் நிற்கவிடுங்கள்.

குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் எல்லா ஊரிலும் இல்லை. வாங்கும் முன்பே அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரு முறை வரவழைத்துக் கொட்டிலைக் காட்டிவிடுங்கள். நாமக்கல், சென்னை வேப்பேரி, ஒரத்தநாடு, திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பக்கம், ராத்திரியில் குதிரை ஏற்ற வண்டி யாரிடம் கிடைக்கும் என்பதையும் கேட்டு, எண்களைக் கொட்டில் தூணில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கு ராத்திரி செல்போனில் எண்ணைத் தேடியே எங்களுக்கு 40 நிமிடம் போனது.